மைக்குழி

நிலைய நாள் 611 | 07:10

வீட்டு அறை அழுத்தம் சரி. தோட்ட அறை ஈரம் 61 சதவீதம், கொஞ்சம் அதிகம். வெளியே கழித்தல் 121 டிகிரி. ஆக்ஸிஜன் தொட்டி இரண்டும் நிறைவு. கீரைப் பாத்தியில் மூன்றாவது விளக்கு மினுக்குகிறது. சாகுலிடம் சொல்லி நாலு நாளாகிறது, செய்தபாடில்லை.

"அடுத்து வருபவருக்குப் புரியும்படி எழுதுக" என்பது குறிப்பேட்டு விதி. சரி, அடுத்து வருபவரே, கேட்டுக்கொள்ளும். இது கலிஸ்டோ, வியாழனைச் சுற்றும் நிலாக்களில் ஒன்று. நிலையத்தின் பெயர் ஆழி. கட்டியவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். குடியேற வரும் நாற்பத்தெட்டுப் பேர் 'பொருநை' கப்பலில் வந்துகொண்டிருக்கிறார்கள், இன்னும் இருபது நாளில் இறங்குவார்கள். அதுவரை வீட்டைக் காக்க இரண்டு பேர். ஒருவன் கட்டமைப்புப் பொறியாளர் சாகுல், மேலப்பாளையத்துக்காரன். இன்னொருத்தி நான், வெயிலுகந்தாள், ஊர் சிவகாசி. பெயரில்தான் வெயில் இருக்கிறது. இங்கே சூரியன் ஒரு பட்டாணி அளவு.

என் பொறுப்பு இரண்டு: தோட்டம், எழுத்து. இந்த நிலையத்தில் பெயிண்ட் கிடையாது. மூடிய காற்றில் பெயிண்ட் வாடை போகாது, உதிர்ந்தால் மூச்சுக்குள் போகும். ஸ்டிக்கர் ஒட்டினால் குளிரில் உரிந்துவிடும். அதனால் எல்லா எழுத்தும் உலோகத்திலேயே வெட்டப்படுகிறது. கதவு, தொட்டி, சுவர், குழாய், கரண்டி, எல்லாவற்றிலும் நான் வரைந்த எழுத்துருதான். அதற்கு உலக்கை என்று பெயர் வைத்தேன். இருபது மீட்டர் தூரத்தில் இருந்து, புகையில், பயத்தில், கண்ணாடியைத் தொலைத்துவிட்டு ஓடும்போதும் படிக்கலாம். அத்தனை தடிமன் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

வரவேற்பு மண்டபத்தின் கிழக்குச் சுவரில் இன்று நாற்பத்திரண்டாவது பெயரை வெட்டி முடித்தேன். இன்னும் ஆறு.

நிலைய நாள் 613 | 09:40

அழுத்தம் சரி. விளக்கு இன்னும் மினுக்குகிறது.

மண்டபச் சுவரில் பெயர் வெட்டும் யோசனை என்னுடையது. கல்யாணத்துக்குக் கொடுக்க எவர்சில்வர் குடம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள் அல்லவா, அதுதான். இத்தனை கோடி கிலோமீட்டர் வருகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் சுவரில் தங்கள் பெயரைப் பார்க்க வேண்டும். வாசலுக்கு மேலே 'வாருங்கள்' என்று ஒரு சொல். நாற்பத்தெட்டுப் பெயரும் ஒரே தகட்டில், ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழ உயரம். படம் அனுப்பியதும் தலைமையகத்தில் ஆகா ஓகோ என்றார்கள். கப்பலின் கதவு, இறங்குகலத்தின் கதவு, சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் இப்போது உலக்கைதான். பெருமையாக இருக்கிறது. எனக்கு மண்டைக்கனம் என்பான் சாகுல். இருக்கட்டும், சும்மாவா வந்தது?

கப்பலின் வானொலியைப் பார்த்துக்கொள்பவள் நஸீமா, சாகுலின் மனைவி. இன்று வந்த செய்தி:

"ஆழி, பொருநை பேசுது. யக்கா, என் பேர வெட்டியாச்சா? நல்லா வந்திருக்கா? அவியகிட்ட கேட்டா, எல்லா எழுத்தும் ஒண்ணு போல குண்டா இருக்கு, உன் பேரு எதுன்னே தெரியலங்காவ. ரெண்டு வருசமா மூஞ்சியப் பாக்காத பொண்டாட்டிகிட்ட பேசுத பேச்சா இது? நீங்களே அவிய காதத் திருகி விடுங்க."

திருகவில்லை. மதியம் அவன் தட்டில் கீரையை மட்டும் குறைத்து வைத்தேன்.

நிலைய நாள் 615 | 11:05

அடுத்து வருபவருக்கு ஒரு தொழில் குறிப்பு.

மட்டமான தாளில் மை பரவும். தடித்த எழுத்தில் இரண்டு கோடு சேரும் மூலையில் அது தேங்கி அப்பிக்கொள்ளும், 'ண' கரிக்கட்டையாகிவிடும். அதனால் எழுத்து வரைகிறவர்கள் அந்த மூலையில் உள்ளே ஒரு சின்னக் கீறல் விட்டு வைப்போம். மிச்ச மை அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். நான் அதை மைக்குழி என்பேன். சிவகாசியில் லேபிள் வரைந்த காலத்தில் இருந்து எனக்குக் கைப்பழக்கம். உலக்கையின் அழகே அதுதான். கனத்த உடம்பு, மூலைக்கு மூலை கூரான ஒரு மைக்குழி. எதிர்காலத்து எழுத்து என்று எல்லோரும் கொண்டாடியது அந்தக் கீறலைத்தான்.

பூமியில் இருக்கும்போது, படத்தைப் பார்த்துவிட்டு சாகுல் அனுப்பிய குரல் செய்தியை இன்னும் வைத்திருக்கிறேன்:

"யக்கா, எல்லாம் சரி. மூலைக்கு மூலை இந்தக் கீறல் எதுக்கு? மை தேங்காம இருக்கதுக்குங்கீய. இங்க மை எங்கன இருக்கு? நாம உலோகத்துலல்லா வெட்டுதோம்?"

நல்ல கேள்விதான். என் பதில்: இங்கே நிழல்தான் மை. வெட்டிய பள்ளத்தில் நிழல் விழுந்து கறுப்பாகத் தெரிந்தால்தான் அது எழுத்து. மூலையில் நிழல் சுத்தமாக விழாவிட்டால் உலக்கை வெறும் சோப்புக்கட்டி. இரண்டு மாதம் சண்டை போட்டோம். மூலையைப் பூராவும் வளைத்துவிடச் சொன்னான், நான் எழுந்து போய்விட்டேன். கடைசியில் சமாதானம்: குழி இருக்கலாம், ஆனால் ஆழம் அரை மில்லிமீட்டர் தாண்டக் கூடாது, அடி வளைவாக இருக்க வேண்டும். கூர் இருந்தால் உலோகத்தின் இழுவையெல்லாம் அந்த இடத்தில் வந்து குவியும் என்றான். அந்தச் சமாதானப் படம் ஆறாவது திருத்தம். அதில் அவன் கையெழுத்து இருக்கிறது.

மண்டபத்தில் கடைசி ஆறு பெயரும் வெட்டியாயிற்று, இன்றைக்கு இவ்வளவு போதும்.

நிலைய நாள் 618 | 08:20

நேற்று சூரியன் இறங்கியது. இனி எட்டு நாள் இருட்டு. வெளியே கழித்தல் 174, இன்னும் இறங்கும்.

தோட்டத்துக்கும் பட்டறைக்கும் நடுவில் இருக்கும் கதவு 3. சாகுல் தலைக்கவச வானொலியில் பேசியது:

"யக்கா, கதவு மூணுல எழுத்து மூலையில ஒரு மயிரிழ வெடிப்பு. நாலு விரக்கட நீளம் இருக்கும். மைக்குழிக்குள்ள அளவு ஊசிய விட்டுப் பாத்தேன், நுழைய மாட்டேங்கு, அவ்வளவு ஒல்லி. வெட்டுனது ஆறாவது திருத்தம்தானே?"

என் பதிலும் பதிவில் இருக்கிறது. அழிக்க முடியாது.

"ஆறாவதுதான்டா தம்பி. கீல் எங்கயாவது இடிச்சிருக்கும், பாரு."

"அப்பச் சரி. நீங்க சொன்னாச் சரிதான். நுனியில ஒரு ஓட்டையப் போட்டு விடுதேன். வட்டத்துக்கு நுனி கிடையாதுல்லா, வெடிப்பு அதுல வந்து முட்டிட்டு நின்னுரும்."

ஓட்டை போட்டான். நின்றுவிட்டது.

நிலைய நாள் 618 | 08:55

பொய் சொல்லிவிட்டேன்.

வெட்டு இயந்திரத்துக்குப் போனது ஏழாவது திருத்தம். அரை மில்லிமீட்டர் குழியில் நிழல் விழவில்லை. விளக்கைப் போட்டால் மூலையில் மங்கலாக ஒரு பளபளப்புதான் தெரிந்தது, எழுத்து செத்துப்போய் இருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. ஐந்து மில்லிமீட்டர் ஆழம், அடியில் கூர். இரண்டையும் நானே மாற்றினேன், யாரிடமும் சொல்லவில்லை. தகட்டின் கனமே பன்னிரண்டு மில்லிமீட்டர். அதே கோப்புதான் பூமிக்கும் போனது. குழி எவ்வளவு ஆழம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அதனால்தான் இரண்டு வருடமாக அவனும் கண்டுபிடிக்கவில்லை.

ஒரு கதவுதானே. மற்றவற்றை நானே பார்த்துவிட்டு அப்புறம் சொல்கிறேன்.

நிலைய நாள் 619 | 14:15

கை விளக்கை எடுத்துக்கொண்டு, அவன் பட்டறையில் இருக்கும் நேரம் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்தேன். நிலையம் முழுக்க இருநூற்றுப் பன்னிரண்டு இடத்தில் என் எழுத்து இருக்கிறது. முப்பத்தொரு இடத்தில் வெடிப்பு. எல்லாம் மைக்குழியில் தொடங்குகிறது. ஆக்ஸிஜன் தொட்டி ஒன்றில் 'க்' என்ற எழுத்தின் மூலையில் நகம் மாட்டுகிறது.

மண்டபத்தின் பெயர்ச்சுவரில் ஒரு வெடிப்பும் கண்ணுக்குப் படவில்லை. அங்கே இன்னும் காற்றை நிரப்பவில்லை, அதனால் இருக்கலாம். அல்லது புதுத் தகடு, தாங்கும். தாங்கும் என்றுதான் நினைக்கிறேன்.

நிலைய நாள் 620 | 16:30

நாளைக் காலை மண்டபத்துக்கு அழுத்தச் சோதனை.

சொல்லிவிட்டால் என்ன ஆகும்? பெயர்ச்சுவரைக் கழற்ற வேண்டும். வேறு தகடு இல்லை. நாற்பத்தெட்டுப் பேர் வந்து மண்டபம் இல்லாமல் தோட்டத்தில் படுப்பார்கள். கப்பல் கதவையெல்லாம் சோதிக்கச் சொல்வார்கள். உலக்கை என்ற பெயரே நாறிப்போகும். அதெல்லாம் கூடப் பரவாயில்லை. "நீங்க சொன்னாச் சரிதான்" என்றானே, அவன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

காலையில் டீ குடிக்கும்போது சொல்லிவிடுகிறேன்.

நிலைய நாள் 621 | 07:50

சொல்லவில்லை. விளக்கை மாற்றிவிட்டுத்தான் வந்தேன், இனிமே கீரையக் குறைக்காதீய என்று சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தான். அந்தச் சிரிப்பில் வாய் வரவில்லை. சோதனை முடிந்ததும் சொல்கிறேன்.

நிலைய நாள் 621 | 10:20

வானொலிப் பதிவு, உள்ளது உள்ளபடி:

சாகுல்: "மண்டபம் முழு அழுத்தம் வந்து ஒரு மணி நேரம் ஆச்சு. முள்ளு அசையல. நான் உள்ளதான் நிக்கேன்."

நான்: "போதும்டா. வெளிய வந்துரு."

சாகுல்: "வாரேன், வாரேன். கவசத்தக் கழத்திட்டேன். கண்ணாடிக்குள்ள இருந்து எல்லாம் மங்கலாத் தெரியுது. நஸீமா பேர எங்கன வெட்டிருக்கீய?"

நான்: "சாகுல், கவசத்தப் போடு. மொதல்ல போடு."

சாகுல்: "என்னத்துக்கு இப்படிப் பதறுதிய? ஆங், இந்தா இருக்கு. யக்கா, சும்மா சொல்லப்பிடாது, நெசமாவே அழகா…"

அதோடு பதிவு முடிகிறது.

நிலைய நாள் 621 | 15:40

தகடு முழுதாக வெளியே பிய்த்துக்கொண்டு போனது. அவனும் அதோடு போனான். சுவரில் இருந்து எழுபது மீட்டர் தள்ளிக் கிடந்தான். கண் திறந்திருந்தது.

மண்டபக் கேமராப் பதிவைப் பார்த்தேன். ஞானசுந்தரி என்ற பெயரின் முதல் எழுத்தில் தொடங்குகிறது. அந்த அம்மாளை எனக்குத் தெரியாது. 'ஞ' வின் மைக்குழியில் இருந்து கீழ் வரிசைக்கு ஓடி, அங்கிருந்து பெயர் பெயராகத் தாவி, ஒன்றரை விநாடியில் நாற்பத்தெட்டையும் தொட்டுவிட்டது. ஒரு மூலையில் நிற்க வேண்டியது, அடுத்த மூலையில் கூர் காத்துக்கொண்டிருந்தது. நான் வைத்த கூர்.

நான்தான் கொன்றேன். வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியவில்லை.

நிலைய நாள் 622 | 09:30

அவனைப் புதைத்தேன். அவர்கள் தொழுகை எனக்குத் தெரியாது. எந்தப் பக்கம் முகம் வைப்பது என்றும் தெரியவில்லை, பூமி இருக்கும் திசையைப் பார்த்து வைத்தேன். பெயர் வெட்டவில்லை. அவன் பெயரை என் கையால் வெட்ட எனக்கு என்ன யோக்கியதை?

பெரிய ஆன்டெனா போய்விட்டது. சுவர் பிய்ந்த அதிர்ச்சியில் கம்பத்தின் அடித்தகடு இரண்டாகி விழுந்தது. 'ஆழி' என்று அதிலும் வெட்டியிருந்தேன், மூன்றடி உயரத்தில். சின்ன ஆன்டெனாவில் கேட்க முடிகிறது, அனுப்ப முடியாது. உடையில் இருக்கும் வானொலி இருபது கிலோமீட்டர் தாண்டாது.

நிலைய நாள் 624 | 12:10

"ஆழி, பொருநை. மூணு நாளாச் சத்தத்தக் காணுமே? போன தடவ மாதிரி ஆன்டெனா மக்கர் பண்ணுதா? கேப்டன் கவலப்படாதங்காரு. முன்னாலயும் ரெண்டு மட்டம் இப்படி ஆச்சுல்லா, திட்டத்துல மாத்தம் கிடையாதுங்காரு. அவியட்டச் சொல்லுங்க, நேர்ல வந்து வச்சுக்கிடுதேன்னு."

அதாவது, இறங்கப் போகிறார்கள்.

இறங்கினால் என்ன நடக்கும் என்பதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். கப்பலில் இறங்க மட்டும்தான் எரிபொருள் உண்டு. திரும்ப ஏற வேண்டுமானால் இந்த நிலையம் தயாரித்துக் கொடுக்க வேண்டும், வருடமாகும். இறங்காமல் சுற்றிவிட்டுப் போனால் பக்கத்து நிலாவான கனிமீடு நிலையத்துக்குப் போய்ச் சேரலாம். நாள் 631 காலை பத்து மணிக்குச் சுற்றுப்பாதைக்கு வருவார்கள். அன்றே நண்பகலில் இறங்கும் எஞ்சினைப் பற்றவைப்பார்கள். இங்கே மண்டபம் இல்லை. ஆக்ஸிஜன் தொட்டி ஒன்று நேற்று வெடித்தது, இரண்டாவது கசிகிறது. சாகுல் சொன்ன மாதிரி ஒவ்வொரு வெடிப்பின் நுனியிலும் ஓட்டை போடுகிறேன். நேற்று நாற்பது போட்டேன். இன்று காலையில் அதைவிட அதிகமாகப் புதிதாக வெடித்திருக்கிறது. நாற்பத்தெட்டுப் பேரும் வந்து இறங்கினால் ஒரு வாரத்துக்கு மூச்சு இருக்கும்.

நிலைய நாள் 625 | 13:00

வீட்டு அறையும் போச்சு. கதவு 2. தோட்டத்தில் இருக்கிறேன். கீரை கருகுகிறது.

நஸீமா தினமும் கூப்பிடுகிறாள். அவனுக்குப் பிடித்த முறுக்கு எடுத்து வருகிறாளாம், பாதி நொறுங்கிவிட்டதாம். காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். கேட்காமலும் இருக்க முடியவில்லை.

நிலைய நாள் 626 | 08:00

சூரியன் எழும்புகிறது.

தரையைப் பார்த்தபோதுதான் மண்டையில் உறைத்தது. கலிஸ்டோவின் மேல்தூசு கறுப்பு. அதை ஒரு சாண் தள்ளினால் உள்ளே வெள்ளைப் பனி. இறங்கும் இடத்தைக் கப்பலின் கேமரா ஒவ்வொரு சுற்றிலும் படமெடுக்கும். முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருந்து அந்தக் கேமராவுக்கு இரண்டு மீட்டருக்குக் குறைந்தது எதுவும் தெரியாது. அப்படியானால் எழுத்து தொண்ணூறு மீட்டர் உயரம் இருக்கட்டும். கோட்டுத் தடிமன் பதினெட்டு மீட்டர்.

தூரத்தில் இருந்து, பயத்தில் படிக்க வேண்டிய எழுத்து. அதற்காகத்தானே உலக்கையை வரைந்தேன்.

முன்னால் இருக்கும் கத்தியால் மண்ணைத் தள்ளும் குட்டி டோசர் ஓடுகிறது. அதன் அறையில் ஒரு ஆளுக்கு ஐந்து நாளைக்குக் காற்று இருக்கும், உடைக்கான உருளைகளையும் அதில் ஏற்றிக்கொண்டேன். இனி குறிப்பு அதில் இருந்துதான். உடை வழியாக நிலையக் கணினி இதை வாங்கிக்கொள்ளும்.

நிலைய நாள் 627 | 11:45

என்ன எழுதுவது என்று ஒரு மணி நேரம் வீணாக்கினேன். 'காப்பாற்றுங்கள்' என்று எழுதினால் இறங்கிவிடுவார்கள். 'வராதீர்கள்' என்று எழுத ஏழெட்டு வடிவம் தள்ள வேண்டும். 'வராதே' என்றால் ஐந்தோடு முடிந்துவிடும். மரியாதைக்கு சார்ஜ் பத்தாது. நாற்பத்தெட்டு விருந்தாளிகளை வாசலில் நிற்க வைத்து வராதே என்கிறேன். 'வாருங்கள்' என்று வெட்டிய பலகை இன்னும் அங்கே தூசியில் கிடக்கிறது.

'வ' முடிந்தது. டோசர் திரும்ப ஒன்பது மீட்டர் வட்டம் வேண்டியிருக்கிறது. மூலையில் கூர் வராது, எவ்வளவு ஓட்டினாலும் வளைந்துதான் வரும். மைக்குழி போட வழியே இல்லை.

போட மாட்டேன், வழி இருந்தாலும்.

நிலைய நாள் 629 | 10:10

'ரா' முடிந்தது. இடது கை விரல் மூன்றில் உணர்வு இல்லை. அறைக்குச் சூடு குறைத்துச் சார்ஜ் மிச்சம் பிடிக்கிறேன். தப்பாக ஒரு முறை திரும்பி 'ர' வின் காலை அகலமாக்கிவிட்டேன், சரி செய்யவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கோணல் எழுத்தை அப்படியே விட்டுவிட்டுப் போகிறேன்.

சாகுல், பாத்தியாடா. சோப்புக்கட்டிதான். நல்லாத்தான் இருக்கு.

நிலைய நாள் 631 | 08:40

'தே' முடிந்தது. முடித்துவிட்டு ஓரமாக வண்டியை நிறுத்தினேன். தரையில் இருந்து பார்த்தால் எதுவும் தெரியவில்லை, வெள்ளை வெள்ளையாகத் தடம்தான். இதைச் சரியாக எழுதினேனா என்று பார்க்கக் கூட எனக்கு வழியில்லை.

எஞ்சின் பற்றவைக்க இன்னும் மூன்று மணி சொச்சம். காற்று சுமார் ஒன்பதரை மணி நேரத்துக்கு.

நிலைய நாள் 631 | 10:31

"ஆழி, பொருநை. கீழ வெள்ளையா எழுத்து தெரியுது. வ… ரா… தே. வராதேன்னு இருக்கு. யக்கா, இது நீங்க எழுதுனதா? உலக்கதான் இது. ஆனா மூலையெல்லாம் வளைஞ்சிருக்கே. மைக்குழி ஒண்ணு கூட இல்லையே."

மறுபடியும் அவளே:

"மூலைய வளைக்கச் சொன்னா யக்கா சண்டைக்கு வாராவன்னு அவிய சொல்லிச் சொல்லிச் சிரிப்பாவ. அவிய சொன்னதுதான் சரியாப் போச்சா யக்கா? மூலையிலதான் ஒடைஞ்சுதா?"

ஆமாம். ஆமாம் புள்ள. ஆமாம் என்று கண்ணாடியில் கையால் அடித்தேன். யாருக்குக் கேட்கும்?

நிலைய நாள் 631 | 12:10

இறங்கவில்லை. எஞ்சினைப் பற்றவைக்கவில்லை. கேப்டன் கனிமீடுக்குத் திருப்பச் சொல்லிவிட்டாராம். கப்பலில் உலக்கை வெட்டிய இடமெல்லாம் பார்த்து மூலைகளை ஓட்டை போட்டு வளைக்கிறார்களாம். கதறி அழுதேன். நாற்பத்தெட்டுப் பேர். படித்துவிட்டார்கள்.

நிலைய நாள் 631 | 13:04

"யக்கா, நஸீமா பேசுதேன். இது கடைசிக்கு முந்தின சுத்து. கேப்டன்ட்டச் சண்ட போட்டு ஒரு சம்மதம் வாங்கிருக்கேன். எழுதுனது பழசா புதுசான்னு இங்க யாருக்கும் தெரியல. நீங்க ரெண்டு பேர்ல ஒருத்தராவது உசுரோட இருந்தா, எழுத்துக்குக் கீழ ஒரு கோடு போடுங்க. சின்னதாப் போட்டாப் போதும், எனக்குத் தெரிஞ்சிரும். ரெண்டரை மணி நேரத்துல திரும்ப வருவோம். கோடு இருந்தா இறங்குகலத்த எடுத்துட்டு நானே வாரேன், ஒத்த ஆளா வந்தா திரும்ப ஏறவும் எரிபொருள் பத்துமாம். அவிய அங்க இருக்காவளா யக்கா? ஏன் ஒரு வார்த்த கூட… சரி. வெயிட் பண்ணுதேன்."

நிலைய நாள் 631 | 13:20

டோசரில் ஒரு கோட்டுக்குச் சார்ஜ் இருக்கிறது. நான் இருப்பது எழுத்துக்கு நேர் கீழே. கத்தியை இறக்கி முப்பது மீட்டர் ஓட்டினால் போதும்.

எனக்கு ஆசையாக இருக்கிறது. உயிர் மேல் ஆசை இல்லை என்று எழுதினால் அதுவும் இன்னொரு பொய்.

இறங்குகலத்தின் கதவு நான் கோப்பு அனுப்பி வெட்டியது. பெரிய எழுத்து, எட்டு மூலை. கப்பலுக்குள் கதகதப்பாக இருந்ததால் இதுவரை ஒன்றும் ஆகியிருக்காது. இந்தப் பனியில் இறங்கி நின்று, என்னை ஏற்றிக்கொண்டு, உள்ளே காற்றை நிரப்பினால்? மூலைகளில் ஓட்டை போட்டிருப்பார்கள்தான். ஓட்டை போட்டதெல்லாம் நான் பார்த்தேனே, நாற்பது போட்டு அடுத்த நாள் எத்தனை முளைத்தது என்று. வருகிறவள் அவன் பொண்டாட்டி. அவன் கவசத்தைக் கழற்றிவிட்டுத் தேடிய பெயர்.

தாங்கும் என்று ஒரு முறை நினைத்தேன்.

நிலைய நாள் 631 | 14:45

எஞ்சினைப் போட்டேன். அணைத்தேன்.

மறுபடி போட்டேன். கத்தியை இறக்கிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அணைத்துவிட்டேன்.

நிலைய நாள் 631 | 15:36

"ஆழி, பொருநை. கோடு இல்ல."

அப்புறம், இறந்தவர்களுக்காக ஓதுவது:

"இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் ஓதுதேன் யக்கா. எழுதிட்டுப் போனீயளே. நாப்பத்தெட்டு உசுரு. அல்லா உங்களுக்குச் சொர்க்கத்தக் குடுக்கட்டும்."

எனக்கும் சேர்த்து ஓதினாள். எனக்கு.

நிலைய நாள் 631 | 17:25

நஸீமா, என்றைக்காவது இதைப் படிப்பது நீயாக இருந்தால், மேலே எழுதியதை ஒரு வரி விடாமல் படி. நாள் 618 ஐ இரண்டு முறை படி. நான் அவனிடம் பொய் சொன்னேன். அவன் நம்பினான். சொர்க்கத்தை எனக்குக் கேட்டாயே, அதைத் திரும்ப வாங்கிக்கொள்.

அவன் கல்லறை இருப்பது மண்டபத்துக்கு வடக்கே, கொடிக்கம்பத்தில் இருந்து நாற்பது அடி. முகம் பூமியைப் பார்த்து. தப்பாக இருந்தால் திருப்பி வை.

கோப்பு ஏழாவது திருத்தத்தை எங்கே பார்த்தாலும் அழியுங்கள். எழுத்து வேண்டுமானால் தரையில் இருப்பதைப் படமெடுத்து வரைந்துகொள்ளுங்கள். மூலை வளைந்தது. அதற்கு அவன் பெயரை வையுங்கள்.

நிலைய நாள் 631 | 18:02

காற்று முள் சிவப்பில். தலை கனக்கிறது. எழுத்துப் பிழை வந்தால்

கப்பலின் வெளிச்சம் தொடுவானத்துக்குக் கீழே போய்விட்டது. கண்ணால் பார்த்தேன். இனி யாரும் படமெடுக்க மாட்டார்கள்.

உசுரோட இருந்தா ஒரு கோடு போடுங்க என்றாள். இருக்கிறேன் புள்ள. இப்போது போடலாம். இப்போது போட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது

வண்டியை எடுக்கிறேன்

நிலைய நாள் 632 | 06:00 | தானியங்கிப் பதிவு

டோசர்: 18:09 முதல் இயக்கம் இல்லை. கத்தி தரையில் இறக்கிய நிலை. கடைசியாகத் தள்ளிய தூரம் 11 மீட்டர்.
டோசர் அறை ஆக்ஸிஜன்: 0.
தோட்ட அறை: விளக்கு 3 சரி.
காலைக் குறிப்பு எழுதுபவர்: பதில் இல்லை.